கேட் போட்டுட்டான்

சிங்கப்பெருமாள் கோவிலில் நான் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "கேட் போட்டுட்டான்." அந்த நாட்களில் அங்கே தாமதமாக வருகிறவர்கள் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகுப்புக்கு அரைமணி கழித்து வரும் டிரெய்னி பையன், பால் ஊற்ற வரும் அம்மா, முகூர்த்தம் முடிந்து பந்திக்கு மட்டும் வந்து சேரும் சித்தப்பா, எல்லாரும் இந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மறுபேச்சுக் கிடையாது.

ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை, பிரிந்த கையோடு ரயில் பாதையைக் கடக்க வேண்டியிருந்தது. தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில்கள், தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்கள், இடையில் முடிவே இல்லாத ஒரு கூட்ஸ். கேட்டுக்கு இந்தப் பக்கம் கோயில், கூட்ரோடு, மளிகைக் கடைகள். அந்தப் பக்கம் காரும் லாரியும் டயரும் மோட்டார் சைக்கிளும் செய்கிற ஒரகடம். நான் அங்கே குடியிருந்த 2012 முதல் 2016 வரையிலான காலத்தில், உலகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர்கள் எல்லாம் இந்த ஒற்றைக் கேட்டுக்கு முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. டிரைவர்கள் இறங்கி வேர்க்கடலை வாங்குவார்கள். பைக்குகாரர்கள் மட்டும் கம்பிக்குக் கீழே வண்டியைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வருவதற்கு முன் 2006 முதல் ஐந்து வருஷம் மாலத்தீவில், ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். எங்கள் பக்கத்தில் பி.எட். முடித்தவர்களுக்கு அது ஒன்றும் கேள்விப்படாத தேசம் இல்லை. தூத்துக்குடியிலிருந்து தோணி போகிற இடம், மாசிக்கருவாடு வருகிற இடம், அவ்வளவுதான். என் தீவைச் சுற்றி நடந்து முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆகும். தினமும் சாயங்காலம் சுற்றுவேன். எந்த வீட்டு முற்றத்தில் ஈரப்பலா காய்த்திருக்கிறது, எந்தப் படகுக்குப் புதுச் சாயம் பூசுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்நிய மண்ணில் காலுக்கு ஒரு அரிப்பு இருக்கிறது. ஊர் திரும்பியதும் அது நின்றுபோனது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்து நாலு மாதம், அறை, டீக்கடை, வகுப்பு, ஸ்டேஷன் என்ற நாற்சதுரத்தை விட்டு நான் வெளியே போகவில்லை. கோயில் பேரையே ஊர்ப் பேராக வைத்திருக்கும் ஊரில் அந்தக் கோயிலுக்கே போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டக்டர்கள் அந்தப் பேரையும் "எஸ்.பி. கோயில்" என்று சுருக்கிவிட்டதால், போலீஸ் சூப்பரிண்டெண்டு யாரோ கட்டியது போலத்தான் முதலில் காதில் விழுந்தது.

வகுப்பு, கூட்ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. விழுப்புரம், திருவண்ணாமலை, சிவகங்கையிலிருந்து டிப்ளமோ முடித்து வந்த பையன்கள். அவர்களோடு ஒடிசா, பீகார் பையன்கள் நாலைந்து பேர். மேன்பவர் ஏஜெண்டு மூலம் சேர்ந்து, ஆறு பேர் ஒரு ரூமில் தங்கி, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பாயை மாற்றிக்கொண்டு படுப்பவர்கள். எல்லாரும் "மைசெல்ஃப்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "மைசெல்ஃப் முருகன்", "மைசெல்ஃப் ரமேஷ்". அதை மாற்ற நான் ஒரு வருஷம் போராடினேன். பிறகு விட்டுவிட்டேன். இன்டர்வியூ எடுக்கிறவரும் அதே மாடிப்படி ஏறி வந்தவராகத்தான் இருப்பார். அவருக்கு அது உறுத்தாது.

என்னுடைய தமிழும் அங்கே அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. முதல் நாள் டீக்கடையில் "சீனி கம்மியா" என்றேன். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார்?" என்றார். "சீனி, சீனி" என்று அழுத்திச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெரியவர்தான், "சக்கரைய சொல்றாரு, தெக்கத்திக்காரரு" என்று தீர்த்துவைத்தார். மாலத்தீவின் திவெஹி மொழியில் சர்க்கரைக்கு 'ஹக்குரு' என்று பேர். கடல் தாண்டிப் போன சொல் இந்த ஊர்ச் சொல்லுக்குச் சொந்தமாக இருக்கிறது. நான் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த சொல்லுக்குத்தான் இங்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

நான் வந்த வருஷக் கடைசியில் ஒரு பயிற்சி நிறுவனம் என்னைப் பிடித்தது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஜப்பான்காரர் ஒருவருக்கு வாரம் இரண்டு நாள் ஆங்கிலம். நாற்பதைத் தொடும் வயது, ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் அளவுகோல். முதல் நாளே குனிந்து "சென்செய்" என்றார். ஜப்பான் மொழியில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். டீக்கடையில் அவர் இரண்டு தடவை சென்செய், சென்செய் என்றதைக் கேட்ட மாஸ்டர், "சார், உங்களுக்கு செஞ்சியா? தெக்கத்திப் பக்கம்னு இல்ல நெனைச்சேன்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கடைக்கு நான் செஞ்சி சார். கோட்டை எத்தனை படி என்றெல்லாம் கேட்பார்கள். நானும் திருத்தவில்லை.

ஜப்பான்காரருக்கு இலக்கணம் வேண்டியிருக்கவில்லை. லைனில் நிற்கும் பையன்களிடம் பேச வேண்டும். அந்தப் பையன்களுக்கோ ஆங்கிலம் என்றால் தேர்வுத்தாள், பயம். இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் இரண்டு தரப்பும் சந்தித்தாக வேண்டும், நடுவில் நான். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். "கிளாஸ்" என்று நான் சொன்னால் அவர் "குராசு" என்பார். எல்லுக்கும் ஆருக்கும் அவர் நாக்கு வித்தியாசம் பார்க்காது. திருத்தித் திருத்தி என் தொண்டை வற்றியது.

ஒரு ஞாயிறு காலை இருவரும் கேட்டில் மாட்டிக்கொண்டோம். கூட என் மாணவன் ஒருவன், போளூர்ப் பையன். ஜப்பான்காரர் எதிரே நின்ற வண்டியைக் காட்டி, "பைக்கு" என்றார். பையன் "ஆமா சார், பைக்கு" என்றான். அடுத்து "பாசு" என்றார். "பஸ்ஸு" என்றான். "ஐசு." "ஐஸு." பையனுக்குக் குஷி பிறந்துவிட்டது. அவனாகவே "பீரு?" என்று கேட்டான். ஜப்பான்காரர் கண் விரிய, "பீரு!" என்றார். கேட் என்பதை மட்டும் அவர் "கேட்டோ" என்பார், இவன் "கேட்டு" என்பான். அது ஒரு பெரிய விஷயமில்லை.

நான் வாயடைத்து நின்றேன். ஒரு சொல்லை மெய்யெழுத்தில் தொங்கவிடுவது இரண்டு பேர் நாக்குக்கும் பிடிக்காது. ஒரு உகரத்தையோ எதையோ போட்டுத் தரையில் இறக்கி வைத்தால்தான் நிம்மதி. வகுப்பில் நான் தவறு என்று சிவப்பு மையில் சுழித்த அந்த வால்தான் அவர்களுக்குள் பாலம் போட்டது. "பஸ்" என்று ஒழுங்காகச் சொல்லும் என்னைத்தான் அவர்கள் இரண்டு பேரும் கூர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் வகுப்பு கேட்டுக்கே மாறிவிட்டது. கேட் போட்டால் பத்து நிமிஷம் பாடம், கூட்ஸ் வந்தால் இருபது. வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பது, கேள்வி கேட்க வாக்கியத்தின் வாலில் ஒரு ஒலியைச் சேர்ப்பது என்று அவர் மொழியும் நம் மொழியும் ஒரே மாதிரி நடப்பதை அங்கேதான் கண்டேன். நாம் "சரியா?" என்று ஆகாரம் போட்டால் அவர்கள் "கா" போடுவார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இந்த ஒற்றுமைகளைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் உறவு மொழிகள் என்றே நெடுங்காலம் வாதாடினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒப்பவில்லை. எனக்கும் அந்த உறவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கேட்டில் நிற்கும்போது ஓனோ பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும். பையன்களும் சளைத்தவர்கள் இல்லை. 'கைசன்' (மேம்படுத்துவது), 'போகாயோகே' (தவறு நேராமல் தடுப்பது) என்று ஆலைச் சுவரில் எழுதிப் போட்டிருக்கும் ஜப்பான் சொற்கள் அவர்கள் வாயில் ஆங்கிலத்தைவிட லேசாகப் புரண்டன. அம்மா ரசத்தில் உப்பைக் குறைத்ததைக் கூட "கைசன் பண்ணிட்டாங்க சார்" என்பான் ஒருவன்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார்ந்தால் அவருக்கு உடம்பு வலிக்கும். எனக்கு என் தீவு ஞாபகம் வந்தது. ஐந்து வருஷம் என் காலில் இருந்த அரிப்பு இப்போது இவர் காலில். சரி என்று கிளம்பினேன்.

முதலில் கோயில். பாடலாத்திரி நரசிம்மர். பாடலம் என்றால் சிவப்பு, அத்திரி என்றால் மலை. மலை என்று சொன்னால் நம் பக்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள், குன்றுதான். பல்லவர் காலத்துக் குடைவரை. பெருமாள் அந்தப் பாறையோடு பாறையாக இருப்பதால் அவரை மட்டும் தனியாக வலம் வர முடியாது. குன்றையே சுற்றி வர வேண்டும். உள்ளே கூட்டம் இல்லை. பட்டர் ஆரத்தித் தட்டை உயர்த்தி, இன்னொரு கையால் பெருமாளின் திருநாமத்தை லேசாக மேலே தூக்கினார். அடியில், நெற்றியில், மூன்றாவது கண். சிவனுக்கு உரியது பெருமாளுக்கு எப்படி என்று நான் யோசிப்பதற்குள் நாமம் மூடிக்கொண்டது.

வெளியே வந்து, அழிஞ்சில் மரத்தடியில் ஜப்பான்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்த நோட்டை எடுத்துக் கை கால் இல்லாத ஒரு உருண்டைப் பொம்மையை வரைந்தார். தாருமா. கடையில் வாங்கும்போது அதற்கு இரண்டு கண்ணும் வெள்ளையாக இருக்கும். ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மை தீட்டுவார்கள். வேண்டியது நடந்தால் அடுத்த கண். "ஒன் ஐ, விஷ். டூ ஐ, பினிஷ்" என்றார். பிறகு கோயிலைத் திரும்பிப் பார்த்து, "த்ரீ ஐ?" என்றார்.

எனக்கு ஆங்கிலத்திலும் பதில் இல்லை, தமிழிலும் இல்லை. அன்று பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அந்தத் தாருமா வேறு யாருமில்லை, போதிதர்மர். சுவரைப் பார்த்து ஒன்பது வருஷம் உட்கார்ந்தே தியானம் செய்ததில் கை கால் போய்விட்டது என்பது அவர்கள் கதை. அவர் காஞ்சிபுரத்து அரசகுமாரர் என்றொரு வழக்கும் இருக்கிறது. ஜப்பான்காரருக்கு இது தெரியும். காஞ்சி பக்கத்தில்தான் என்பது மட்டும் தெரியாது. செங்கல்பட்டு போய் அரக்கோணம் பாசஞ்சரில் ஏறினோம். வழியில் கொளவாய் ஏரி, பாலூர், வாலாஜாபாத். காஞ்சியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் போதிதர்மர் இருந்த இடம் என்று கேட்டதும் அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை: "ஏழாம் அறிவு சார்! சூர்யா!" 2011 தீபாவளிக்கு வந்த படம், எல்லாருக்கும் அப்போது பச்சையாக நினைவிருந்தது. ஆனால் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் இறக்கிவிட்டார். பல்லவ அரசர்களின் கதையைச் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்திருக்கும் இடம். ஜப்பான்காரர் ஒவ்வொரு சிற்பமாகக் குனிந்து, எழுந்து, தன் ஊர்ப் பொம்மையின் முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. அவர் ஏமாந்ததாகவும் தெரியவில்லை. திரும்பும் ரயிலில் இரண்டு கொய்யாப்பழத்தை உப்பு மிளகாய்ப் பொடியோடு சாப்பிட்டுவிட்டு, "தாருமா, ஹோம், நோ" என்று மட்டும் சொன்னார். வீட்டில் இல்லை என்கிறாரா, அவருக்கு வீடே இல்லை என்கிறாரா தெரியவில்லை. நானும் வாத்தியாராக அந்த வாக்கியத்தைத் திருத்தவில்லை.

பக்கத்தில் இன்னொரு இடத்துக்கு நான் அவரை மூன்று தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அவருக்காக என்பதைவிட எனக்காக. திருக்கச்சூர். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம். கீழே கச்சபேசுவரர், மேலே சின்ன மலையில் மருந்தீசர். பசியோடு வந்த சுந்தரருக்காகச் சிவன் கிழவராக வந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சோறு போட்டதாகத் தலபுராணம். இரந்தீசுவரர் என்றே ஒரு பேர். பக்தி அதிகம் இல்லாத எனக்கே இந்தக் கதையில் நெஞ்சு இளகும். காரணம் என் முதல் ரம்ஜான். தீவில் பகல் முழுக்கக் கடை கிடையாது. என் அறையில் கேஸும் தீர்ந்துபோய், பிஸ்கட்டில் இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் நோன்பு திறக்கும் நேரத்தில் என் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், துணி மூடிய தட்டோடு வாசலில் நின்றான். மீன் வைத்துப் பொரித்த குல்ஹா, ரொஷி, ஒரு துண்டு பப்பாளி. "உம்மா கொடுத்துவிட்டாள்" என்றான். மிச்சமிருந்த இருபத்தெட்டு நாளும் வந்தான். ஒவ்வொரு நாளும் தட்டு வேறு. அவன் அம்மா ஒவ்வொரு வீட்டிலும் முறை போட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்பது மாதக் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது.

இதை நான் ஜப்பான்காரரிடம் திருக்கச்சூர்ப் படியில் உட்கார்ந்து சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். எத்தனை தட்டு என்று கேட்டார். இருபத்தெட்டு என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார். எதையும் எண்ணி எழுதாமல் அவரால் முடியாது.

2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை என்று பின்னால் பேப்பரில் படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கரண்டு இல்லை, செல் இல்லை, ரயில் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட் திறந்தே கிடந்தது, கடந்து போக வண்டி இல்லை. நான் மாடி வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்களுக்கு ரொட்டி தேடி அலைந்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு இடுப்பளவு ஈரத்தோடு வீடு வந்தேன். வாசலில் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், எனக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மாவின் மறைந்த கணவருடைய கைலியைக் கட்டிக்கொண்டு, ஜப்பான்காரர் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டதாம். தெரிந்த வீடு இது ஒன்றுதான் என்று நடந்து வந்திருக்கிறார்.

வீட்டுக்காரம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. நான் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸு?" என்றார் அந்தம்மா.

"பாசு, நோ."

"ரயிலு?"

"கேட்டோ, ஓப்பன். டோரெயின், நோ."

"அட கண்றாவியே. அப்பளம் போடட்டா?"

"அப்பலாம், ஓக்கே."

நான் உள்ளே போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மூன்று வருஷப் பாடத்தில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு முழு வாக்கியம் கூட அந்தப் பேச்சில் இல்லை. ஒன்றும் குறையவும் இல்லை. "வாத்தியாரே, ஜப்பான் தம்பி பாவம், ரெண்டு நாளைக்கு இங்கியே இருக்கட்டும்" என்று எனக்கு மட்டும் தனியாகத் தமிழில் சொன்னார் அந்தம்மா, அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு. ஜப்பான்காரர் தலையை ஆட்டினார்.

அடுத்த கோடையில் அவருக்கு மாற்றல். கிளம்புவதற்கு முந்தின நாள், சிவப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தாருமாவைக் கொண்டுவந்து வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். இடது பக்கம் மட்டும் கண் தீட்டியிருந்தது. எனக்கு அந்த அளவுகோல். நானும் அந்த வருஷமே கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வேலையாகச் சென்னை போனவன் எஸ்.பி. கோயிலில் இறங்கினேன். டீக்கடையில், "வாங்க செஞ்சி சார், சக்கரை கம்மிதானே" என்றார் மாஸ்டர். வீட்டுக்காரம்மா சாமி அலமாரியைத் திறந்து காட்டினார். பாடலாத்திரி நரசிம்மர் படத்துக்குப் பக்கத்தில் தாருமா உட்கார்ந்திருந்தது. வலது கண்ணுக்கும் நல்ல கனமாக மை. நெற்றியில், கண்களுக்கு நடுவே, ஒரு சின்ன நாமம்.

"இத்தன காசு குடுத்து வாங்கிட்டு, ஒத்தக் கண்ணு போட மறந்துட்டான் பாருங்க கடைக்காரன்" என்றார். "அந்தத் தம்பி பாவம், வெளியூரு, யாரு கிட்ட போய்க் கேக்கும்? நான்தான் சரி பண்ணி வெச்சேன்."